அவ ஏன் என் காலையே பாத்துக்கிட்டு இருந்தா

உங்களுக்கு எந்தக் கால்? இடதா. எனக்கு ரெண்டுமே. வலதை ஆனி மாசம் பண்ணியாச்சு, இப்ப இடதுக்கு ஸ்கேன் எடுக்க வரச் சொல்லியிருக்காங்க. டாக்டரம்மா வார்டு பாத்துட்டு இறங்கி வர பதினோரு மணி ஆயிரும். அதுவரைக்கும் நமக்கு இந்த பெஞ்சுதான்.

ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. தெப்பக்குளம் பக்கத்துத் துணிக்கடையில வேலை பாக்குறவங்க யாராவது உங்களுக்குச் சொந்தமா? இல்லையே? சும்மா கேட்டேன். நான் ஒண்ணு சொல்ல, அது ஒம்போதாப் போயி நிக்கும். கடைப் பேரும் உங்களுக்கு வேணாம். டீச்சரா நீங்க? அப்ப நீங்களும் நின்னே காலத்தை ஓட்டுனவங்கதான். இருந்தாலும் உங்களுக்கு மணியடிச்சா உக்கார ஒரு நாற்காலி இருந்திருக்கும். எங்களுக்கு அதுவும் கெடையாது.

எம்பேரு அமலோற்பவம். இருபத்திநாலு வருஷமா மூணாவது மாடி பட்டு செக்‌ஷன். அதுல பதினோரு வருஷமா செக்‌ஷன் ஹெட்டு. காலைல ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி கடை சாத்துற வரைக்கும் நிக்கணும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அதுலயும் பாதி லிஃப்டுக்கு நின்னே போயிரும். கஸ்டமருக்கு முன்னாடி உக்காரக் கூடாது, கஸ்டமர் இல்லாதப்பயும் உக்காரக் கூடாது, கேமரா இருக்கு. நான் ஒரு நாள் உக்காந்ததில்ல. நம்புங்க. என் கல்யாண நாள் அன்னைக்கும் நின்னேன், அவரு செத்து பதினாறாம் நாளு வந்தும் நின்னேன்.

கால்ல நரம்பு சுருட்டுனது மக பொறந்தப்ப. முழங்காலுக்குப் பின்னாடி ஒரு பச்சைக் கயிறு மாதிரி தெரிஞ்சுச்சு. எங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அதனால நான் பெருசா எடுத்துக்கல. வருஷம் ஆக ஆக அது புடலங்கா கணக்கா கணுக்கால் வரைக்கும் இறங்கிருச்சு. சாயந்தரம் ஆனா கால் ரெண்டும் அம்மிக்கல்லு. கணுக்காலுக்கு மேல தோலு கறுத்து, ஒரே அரிப்பு. ஆனா யாருக்கும் காட்டல. சேலையை ஒரு விரக்கடை இறக்கிக் கட்டுவேன். பாத்தா என்ன சொல்லுவாங்க? இந்தம்மாவுக்குக் காலு போச்சு, ஆளை மாத்துன்னு சொல்லுவாங்க. எம்பதவிக்கு எத்தனை பேரு கண்ணு வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும்.

அந்த நேரத்துலதான் அவ வந்தா. வினோதினி. கீழ குழந்தைங்க உடுப்பு செக்‌ஷன்ல இருந்தவள மேல போட்டாங்க. முப்பது வயசு கூட இருக்காது, ரெண்டு புள்ளைக்காரி, வரகனேரியில வீடு. வந்த அன்னைக்கே எனக்குப் புடிக்கல. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியாது. ரொம்ப மரியாதையா பேசுனா. எடுத்ததுக்கெல்லாம் அக்கா, அக்கா. அவ்வளவு மரியாதை எதுக்குங்குறேன்.

ரெண்டாவது, ஒரு இடத்துல நிக்க மாட்டா. கவுண்டருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவா. தூக்குறது, இறக்குறது. நான் கஸ்டமர்கிட்ட சேலை விரிச்சுக்கிட்டு இருப்பேன், அங்க இவ ஊஞ்சல் ஆடுன மாதிரி மேலயும் கீழயும் போயிட்டு வருவா. என்னைக் கேலி பண்றாளோன்னு நெனைச்சேன். ஏன்னா நான் கொஞ்சம் குட்டை. எட்டாத தட்டுல இருந்து சேலை எடுக்குறப்ப நானும் அப்படித்தான் எக்குவேன்.

ஒரு நாளு அவ கீழ குனிஞ்சு எதையோ எடுக்குறப்ப சுடிதாரு பேண்ட்டு மேல ஏறுச்சு. முழங்கால் வரைக்கும் தோலு நெறத்துல ஒரு உறை. இறுக்கமா. இந்த வெயில்ல யாரு சாக்ஸ் போடுவா? திருச்சி வெயிலு உங்களுக்குத் தெரியாததா? எனக்கு உடனே பொறி தட்டுச்சு. எங்க கடையில செல்போனை கேட்டுலயே வாங்கி வச்சிருவாங்க. இவ அந்த உறைக்குள்ள போனை வச்சுக்கிட்டு உள்ள வர்றா, ஸ்டாக்கை படம் எடுத்து எவனுக்கோ அனுப்புறான்னு முடிவு பண்ணிட்டேன். செக்யூரிட்டி அம்மாவைக் கூப்பிட்டு சோதனை போடச் சொன்னேன். என் வேலை அது. செக்‌ஷன் ஹெட்டுன்னா அதையும்தான் பாக்கணும்.

டிரையல் ரூம்ல வச்சு உறையைக் கழட்டச் சொன்னாங்க. அவ உக்காந்து மெதுவா உருட்டி உருட்டிக் கழட்டுனா. உள்ள காலு மட்டுந்தான் இருந்துச்சு. முழங்கால் ஓரத்துலயும் கெண்டையிலயும் செவப்பும் நீலமுமா நூல் நூலா, சிலந்தி வலை கட்டுன மாதிரி. "ரெண்டாவது பையன் பொறந்தப்ப வந்ததுக்கா. பெரிய நரம்பை ஆஸ்பத்திரியில சரி பண்ணிட்டாங்க. இந்தச் சின்னதுக்கு ஊசி போடலாம்னாங்க, நான்தான் போட்டுக்கல. நின்னுக்கிட்டே இருக்குற வேலைன்னா இதைப் போட்டுக்கச் சொன்னாங்க. குதிகாலைத் தூக்கி இறக்குனா ரத்தம் மேல ஏறும்னாங்க" அப்படின்னா.

செக்யூரிட்டி அம்மா என் மூஞ்சியப் பாத்துச்சு. நான் சரி சரி போடுன்னுட்டு வந்துட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஒருத்தியச் சோதனை போட்டா அவளுக்குக் கோவம் வரணும்ல? அழணும்ல? இவளுக்கு ரெண்டும் வரல. கோவம் வராதவகிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். மனசுல வச்சுக்கிட்டான்னுதானே அர்த்தம்.

அதுக்கப்புறம்தான் அவ மேனேஜர் தியாகராஜன் சார்கிட்ட போயி ஸ்டூல் கேட்டா. கடை ஆளுங்களுக்கு உக்கார வசதி குடுக்கணும்னு சட்டமே வந்திருக்காம். அவரு ஒண்ணே ஒண்ணு அனுப்பி வச்சாரு, கேட்டவங்க வாயை அடைக்க. நான் அதுமேல சேலை அட்டப்பெட்டியை அடுக்கிட்டேன். இன்னைக்கு உக்காந்து வேலை பாக்கணும்பா, நாளைக்கு என் இடத்துல உக்காரணும்பா. எனக்குத் தெரியாதா?

அவளோட பார்வைதான் என்னை ரொம்பத் தொந்தரவு பண்ணுச்சு. நான் நடந்தா என் காலைப் பாப்பா. நின்னா காலைப் பாப்பா. ஒரு நாள் சாப்பாட்டு ரூம்ல யாரும் இல்லாதப்ப பக்கத்துல வந்து, "அக்கா, உங்க கணுக்கால் கறுத்திருக்கு. அரிக்குதா? சொறியாதீங்க. அந்த இடம் மெலிசா இருக்கு, ஒடைஞ்சிரும். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க, நான் கூட வர்றேன்" அப்படின்னா.

இருபது வருஷமா மறைச்சு வச்சதை இவ கண்டுபுடிச்சுட்டா. நாளைக்கு மேனேஜர்கிட்ட போயி போட்டுக் குடுத்தா? "என் காலைப் பாக்குற வேலையா உனக்கு, வேலையப் பாரு" அப்படின்னேன். அன்னைக்குச் சாயந்தரமே தியாகராஜன் சாரைப் பாத்து, இந்தப் பொண்ணு கஸ்டமர்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்குது, கீழ குடோனுக்கு அனுப்புங்கன்னு எழுதிக் குடுத்தேன். குடோன்னா வெளிச்சம் கெடையாது, காத்து கெடையாது, நாள் பூரா நின்னு மடிக்கணும். அவரு, வைகாசி முகூர்த்தக் கூட்டம் முடியட்டும் அமலம்மா, திங்கக்கிழமை மாத்திரலாம்னாரு. நான் முந்திக்கிட்டேன். தப்பா? அவ முந்தியிருந்தா நான் எங்க போவேன், சொல்லுங்க.

அந்த ஞாயித்துக்கிழமைதான் அது நடந்துச்சு.

பெரம்பலூர்ல இருந்து ஒரு கல்யாணக் கூட்டம். பதினாறு பேரு. பொண்ணுக்குக் கூரைச்சேலை எடுக்க வந்தவங்க, காலைல பதினோரு மணியில இருந்து ஒண்ணும் புடிக்கல. மத்தியானம் ஆயிருச்சு. கணுக்காலு அரிக்கிற அரிப்புல நான் இன்னொரு கால் நகத்தால ஒரு தேய் தேய்ச்சேன். அவ்வளவுதான். வலிக்கல. கொஞ்சங்கூட வலிக்கல. கால்ல வெதுவெதுன்னு ஏதோ ஓடுச்சு, யாரோ காப்பிய ஊத்திட்டாங்கன்னு நெனைச்சேன். பொண்ணோட சித்தி ஒருத்தங்க, "அம்மா, உங்க காலுங்க" அப்படின்னாங்க.

குனிஞ்சு பாத்தா கவுண்டரை ஒட்டி சேலை விரிக்கத் தரையில போட்டிருந்த வெள்ளை மெத்தை ஓரமெல்லாம் செவப்பு. குழாய்ல ஓட்டை விழுந்தா பீச்சுமே, அப்படி அடிக்குது. எனக்கு என்ன தோணுச்சுங்குறீங்க? பட்டு மேல பட்டுரக் கூடாதேன்னுதான் தோணுச்சு. அரக்குச் சேலை ஒண்ணு கையில இருந்துச்சு, அதைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே நின்னேன். ஆளாளுக்கு ஓடுறாங்க. காப்பித்தூள் கொண்டாங்குறான் ஒருத்தன். தொடையில கயித்தைக் கட்டுங்குறான் இன்னொருத்தன். யாரோ நாற்காலியத் தூக்கிட்டு வந்தாங்க. இருபத்திநாலு வருஷத்துல அன்னைக்குத்தான் அந்த மாடிக்கு எனக்குன்னு ஒரு நாற்காலி வந்துச்சு.

"உக்கார வைக்காதீங்க, படுக்க வைங்க" அப்படின்னு ஒரு குரல். அவதான். வந்த வேகத்துல என் தோளைப் புடிச்சு அப்படியே மெத்தையில சாய்ச்சுட்டா. சாய்ச்சவ என்ன பண்ணா தெரியுமா? என் சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிட்டா. பதினாறு பேரு பெரம்பலூர்க்காரங்க, எங்க ஆளுங்க ஒம்போது பேரு, மேனேஜரு, எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க. ஆம்பளைங்க. இருபது வருஷமா நான் மறைச்ச காலு, அத்தனை முடிச்சோடயும், டியூப் லைட்டு வெளிச்சத்துல. அவ என் காலைத் தூக்கித் தன் தோளு மேல வச்சுக்கிட்டா. பக்கத்துல இருந்த வெள்ளைத் துணியச் சுருட்டி ஒடைஞ்ச இடத்துல வச்சு ரெண்டு கையாலயும் ஒரே அழுத்து.

"விடுடீ, சேலையை இறக்குடீ"ங்குறேன் நான். அவ, "இறக்க முடியாதுக்கா, அசையாம இருங்க"ங்குறா. சும்மா சொல்லக் கூடாது, அழுத்துன கையை ஒரு நிமிஷம் தளர்த்தல அவ. துணிய எடுத்து எடுத்துப் பாக்கவும் இல்ல. அப்படியே அழுத்திக்கிட்டு, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணுங்கன்னு மேனேஜரையே வேலை வாங்குறா. அந்த வண்டி கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு வர்றதுக்கு இருபது நிமிஷம் ஆச்சு. வண்டிக்காரரு மேல வந்தப்ப ரத்தம் நின்னு போயிருந்துச்சு. அவ சுடிதாரு முழுக்க ரத்தம். அவ கையை எடுக்க முடியல, விரலு மரத்து அப்படியே மடங்கிக் கெடக்கு.

நல்ல காரியம்தான், இல்லைங்கல. ஆனா எனக்கு இன்னமும் ஒரு சந்தேகம் இருக்கு. அவ கவுண்டர் என் கவுண்டர்ல இருந்து இருபதடி தள்ளி. நடுவுல அவ்வளவு கூட்டம். பக்கத்துல நின்னவளுகளே என்னன்னு புரியாம முழிக்கிறப்ப இவ மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தா? என் காலையே பாத்துக்கிட்டு இருந்தாத்தானே வர முடியும்? நாள் பூரா, கஸ்டமரை விட்டுட்டு, என் காலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா. ஏன்? அதைத்தான் நான் கேக்குறேன்.

இங்க கொண்டாந்து போட்டாங்க. இதே டாக்டரம்மாதான். சின்னப் பொண்ணு, எம்மகளை விட ரெண்டு வயசு கூட இருக்கும். காலைப் பாத்துட்டு எடுத்த எடுப்புல கேட்டாங்க, "யாரும்மா அழுத்திப் புடிச்சது? அவங்க இல்லன்னா உங்களை இப்படிப் பேசிக்கிட்டுப் பாத்திருக்க மாட்டேன்." கடையில ஒரு பொண்ணுன்னு மட்டும் சொன்னேன். அப்புறம் விசாரிச்சா, வினோதினிக்கு வைத்தியம் பாத்ததும் இதே டாக்டரம்மாவாம். சரிதான்னு நெனைச்சுக்கிட்டேன். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரிஞ்சவங்க, புகழ்ந்து பேசத்தானே செய்வாங்க.

நரம்பு சுருட்டிக்கிச்சுன்னு சொன்னேன். நரம்பே இல்லையாம்மா அது. ரத்தக் குழாயாம். கால்ல இருந்து ரத்தத்தை மேல நெஞ்சுக்கு ஏத்துற குழாய். உள்ள சின்னச் சின்னதா கதவு இருக்குமாம், ரத்தம் மேல போக விடும், கீழ இறங்க விடாது. நின்னுக்கிட்டே இருந்தா ரத்தத்தோட பாரம் மொத்தமும் அந்தக் கதவு மேல. கதவு தளர்ந்து போச்சுன்னா ரத்தம் கீழயே தேங்கி, குழாய் புடைச்சு நெளிஞ்சுக்குமாம். அம்மாவுக்கு இருந்தா புள்ளைக்கும் வரலாமாம், புள்ளை பெத்தாலும் வருமாம். "உங்களுக்கு மூணும் சேந்துருச்சு"ன்னாங்க. நான் தரையில போட்ட டைல்ஸாலன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். கண்ணுபட்டதுன்னும் ஒரு எண்ணம் இருந்துச்சு.

லேசர்ல அந்தக் குழாயை உள்ளயே எரிச்சு மூடிருவோம்னாங்க. எரிச்சுட்டா ரத்தம் எது வழியா போகும்னு கேட்டேன். ஏமாத்துறாங்களான்னு தெரியணும்ல. உள்ள ஆழத்துல பெரிய குழாய் நல்லா இருக்கும்மா, ஸ்கேன்ல பாத்துட்டேன், அதுவழியா போகும், கெட்டதைத்தான் மூடுறோம்னாங்க. கால் மரக்க ஊசி போட்டாங்க. நான் கண்ணை மூடவே இல்ல, டிவி மாதிரி ஒண்ணுல அவங்க பாத்ததையெல்லாம் நானும் பாத்தேன். முடிச்சதும் எந்திரிச்சு நடக்கச் சொல்லிட்டாங்க. அன்னைக்குச் சாயந்தரமே வீட்டுக்கு வந்தேன். உங்களுக்கும் அதுதான் பண்ணுவாங்க, பயப்படாதீங்க.

அப்புறம் அந்த உறை. காலைல கட்டில்ல இருந்து இறங்குறதுக்கு முன்னாடியே போடணுமாம், கால் வீங்குறதுக்கு முந்தி. நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களா? மலைப்பாம்பு வாய்க்குள்ள காலை விடுற மாதிரி. என்னால குனிஞ்சு இழுக்க முடியல. மக கோயம்புத்தூர்ல. ரெண்டாவது நாளு காலைல ஆறு மணிக்குக் கதவைத் தட்டுற சத்தம். வினோதினி. வரகனேரியில இருந்து பாலக்கரையில எங்க வீட்டுக்கு நடந்தே வந்திருக்கா. வந்து, உறையை உள்பக்கமாப் பொரட்டி, குதிகாலுல மாட்டி, மேல ஏத்திவிட்டுட்டு, புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பணும்னு ஓடிட்டா. இருபத்திரெண்டு நாளு. ஒரு நாளு விடாம.

நான் பீரோச் சாவியை இடுப்புல முடிஞ்சுக்கிட்டுத்தான் கதவைத் தொறப்பேன். மூணாவது வாரம் கேட்டே புட்டேன். "உனக்கு என்னதான் வேணும், சொல்லிரு. ஒரு காரியமும் இல்லாம யாரும் இப்படி வர மாட்டாங்க."

அவ உறையோட மடிப்பை நீவிவிட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம், "வேணும்தான்க்கா. மாடியில எல்லாருக்கும் உக்கார எடம் வேணும். நான் கேட்டா ஒரு ஸ்டூலோட முடிஞ்சு போச்சு. நீங்க கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க" அப்படின்னா.

பாத்தீங்களா? காரியம் இருக்குன்னு நான் முதல்லயே சொன்னேன்ல?

வேலைக்குத் திரும்புன அன்னைக்கு மேனேஜர் கூப்பிட்டாரு. "இந்தப் பொண்ணை குடோனுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் குடுத்தீங்களே அமலம்மா, நீங்க இல்லாததால நிறுத்தி வச்சேன். மாத்திரவா?"

அதுக்கு நான் சொன்னேன்: "வேணாம் சார். என் கண்ணு முன்னாடியே இருக்கட்டும். குடோனுக்குப் போனா என்ன பண்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவரு அந்தக் கடுதாசியக் கிழிச்சுப் போட்டாரு. அப்புறம் டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டை நீட்டுனேன். அரை மணிக்கு ஒருக்கா உக்காரணும், முடிஞ்சப்ப காலைத் தூக்கி வைக்கணும்னு எழுதியிருந்துச்சு. "உங்களுக்கு மட்டும்னா ஒரு நாற்காலி போட்டுரலாம்"னாரு. எனக்கு மட்டுமாம். எப்படித் திட்டம் பாருங்க. அத்தனை பேரும் நிக்க நான் மட்டும் மகாராணி மாதிரி உக்காந்திருந்தா என் முதுகுக்குப் பின்னாடி என்ன பேசுவாளுக? எனக்குத் தெரியாதா அவளுகளை? "போட்டா எல்லாருக்கும் போடுங்க சார், இல்லன்னா எனக்கும் வேணாம், நான் நின்னே சாவுறேன்"னு சொல்லிட்டேன். முதலாளிகிட்ட பேசுனாரு. மெத்தையில ரத்தத்தைப் பாத்ததுல இருந்து மேனேஜருக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்திருக்கணும். பத்து நாளு இழுத்தாங்க, அப்புறம் கவுண்டருக்கு ஒண்ணுன்னு வந்துருச்சு. கூட்டம் இல்லாதப்ப உக்காரலாம். இப்ப கீழ ரெண்டு மாடியிலயும் கேக்குறாளுகளாம். அவளுக்கு வேணும்னு கேட்டது நடந்துருச்சுல்ல. இனி வர மாட்டா பாருங்கன்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட சொன்னேன்.

இன்னைக்குக் காலைலயும் வந்து நிக்கிறா. லீவு போட்டுட்டு. இடது காலுக்கு ஸ்கேன்னு சொன்னீங்களேக்கா, தனியாவா போவீங்கங்குறா. சீட்டுப் போடுற வரிசையில அவதான் நிக்கிறா, அந்தா, மஞ்சள் சுடிதாரு. ஒரு மணி நேரமா நிக்கிறா. எதுக்கு வந்தான்னு எனக்குப் புரியவே இல்ல. இன்னும் ஏதோ இருக்கு. இருந்தாத்தானே வருவா?

சீட்டு வாங்கிட்டா போல. இங்கதான் வர்றா. நான் பேசுனதையெல்லாம் அவகிட்ட சொல்லிறாதீங்க டீச்சர்.

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்களேன். இன்னுங்கொஞ்சம். அவ வந்து உக்காரட்டும், ரொம்ப நேரம் நின்னா அவ காலுக்கு ஆகாது.